‘அடையாள வீரர்’ என்று எழுதாதீர்கள்

அமெரிக்க பேஸ்பால் பற்றித் தமிழில் எழுதுவோர், ஓர் அணியின் வரலாற்றோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்ட வீரரைக் குறிக்கும் ‘ஃபிரான்சைஸ் பிளேயர்’ என்பதை ‘அடையாள வீரர்’ என்று பெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கு ஆடிய ராபர்ட்டோ கிளெமென்டேயைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பில் ‘பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் அடையாள வீரர்’ என்று அண்மையில் மீண்டும் படித்தபோது, இதை இனியும் பேசாமல் விடக்கூடாது என்று தோன்றியது.

ஃபிரான்சைஸ் பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். ‘ஃப்ராங்க்’ என்றால் கட்டற்றவர். அரசர் தரும் சலுகை, வாக்குரிமை, வணிகம் நடத்தும் உரிமை என்று பொருள் விரிந்து, அமெரிக்காவில் ஓர் ஊரில் அணி நடத்த லீக் வழங்கும் உரிமையையும், பிறகு அந்த அணியையே அதன் முழு வரலாற்றோடும் குறிக்கலாயிற்று. ஆகவே, ‘உரிமை வீரர்’ என்ற சொல்லுக்குச் சொல்லான பெயர்ப்பு ஒன்றையும் விளக்காது.

‘அடையாள வீரர்’ என்பதோ விளக்குவதுபோல் தோன்றித் தவறாக விளக்குகிறது. தமிழில் ‘அடையாள’ என்பது பெயருக்கு முன் அடைமொழியாக வரும்போது என்ன பொருள் தருகிறது? அடையாள வேலைநிறுத்தம் ஒருநாள் வேலைநிறுத்தம். அடையாள உண்ணாவிரதம் காலையில் தொடங்கி மாலையில் பழச்சாற்றோடு முடிவது. பெயரளவுக்குச் செய்வது என்ற பொருள் அந்த அடைமொழியில் ஆழமாக ஊறியிருக்கிறது. ‘அடையாள வீரர்’ என்று படிக்கும் தமிழர், பெயருக்கு அணியில் சேர்க்கப்பட்டவர் என்று நினைத்தால் அவர்மீது குற்றமில்லை. பைரேட்ஸுக்காக மட்டுமே 18 பருவங்கள் ஆடிய கிளெமென்டேவுக்கு இது நேரெதிரான சொல். ‘அணியின் அடையாளம்’ என்று பெயர்ச்சொல்லாக நிறுத்தினால் ஊறு குறையும். ஆனால் சின்னமும் சீருடையும்கூட அணியின் அடையாளங்களே.

அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு, அது தமிழர் வாயில் ஏற்கெனவே என்ன வேலை செய்கிறது என்று கேளாமல் விடுவதே நம் மொழிபெயர்ப்பாளர்களின் பெருங்குறை.

சரியான சொல்லைத் தேடுமுன், ஓர் அணியின் ஃபிரான்சைஸ் பிளேயர் யார் என்ற விவாதத்தைப் பார்க்க வேண்டும். 2015இல் ஒவ்வோர் அணியின் வரலாற்றுக்கும் உரிய நால்வரை ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தபோது, பைரேட்ஸுக்கு ஹோனஸ் வாக்னர், கிளெமென்டே, வில்லி ஸ்டார்ஜெல், பில் மேசரோஸ்கி ஆகியோர் அமைந்தனர். நால்வருக்கும் அணியின் மைதானத்தில் சிலைகள் உண்டு. ஒருவரை மட்டும் சொல் என்றால்தான் சண்டை. கணக்கின்படி வாக்னரே முந்துகிறார்: மட்டையடிச் சராசரியில் லீக்கின் முதலிடம் அவருக்கு எட்டு முறை, கிளெமென்டேவுக்கு நான்கு முறை. ஆனால் கிளெமென்டே 1972 செப்டம்பர் 30 அன்று தம் 3,000ஆவது ஹிட்டை (பந்தை அடித்துத் தளம் சேர்வதை) அடித்தார். அதே ஆண்டின் கடைசி நாளில், நிலநடுக்கத்தால் சிதைந்த நிகராகுவாவுக்கு உதவிப் பொருள் ஏற்றிச் சென்ற விமானம் கடலில் விழுந்து இறந்தார். இன்று மைதானத்துக்கு நடந்து செல்லும் பாலம் அவர் பெயரைத் தாங்குகிறது. வலப்புற மதிலின் உயரம் அவருடைய சட்டை எண்ணைப் போற்றி 21 அடி. சிறந்தவர் யார் என்பது ஒரு கேள்வி. அணியின் பேர் யாரால் நிற்கிறது என்பது வேறு கேள்வி.

இந்த இரண்டாம் கேள்விக்குத் தமிழில் விடை ஆயத்தமாக இருக்கிறது. ‘குடும்பத்தின் பேர் சொல்ல ஒரு பிள்ளை’ என்கிறோம் அல்லவா? அதுவே இங்குப் பொருந்தும்: பேர்சொல்லும் வீரர்.

அணியின் பெயரே மாறினால் என்ன செய்வது என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. வாஷிங்டன் செனட்டர்ஸ் அணி 1961இல் மினசோட்டாவுக்குப் போய் ட்வின்ஸ் ஆயிற்று. செனட்டர்ஸுக்கு 417 வெற்றிகள் ஈட்டித் தந்த பந்துவீச்சாளர் வால்டர் ஜான்சன், 1946இலேயே இறந்துவிட்டார். ஆயினும் ஃபிரான்சைஸ் ஒன்றே என்பதால் ட்வின்ஸ் வரலாற்றில் அவரும் சேர்த்தி. பேர் என்பது இங்குப் பலகையில் எழுதிய பெயரன்று. வழிவழியாக வரும் சிறப்பு. ஊர் மாறிய குடும்பத்திலும் தாத்தாவின் பேர் சொல்லப் பேரன் இருக்கிறான். பேரன் என்பதே பெயரன் என்ற சொல்லின் மரூஉதான்.

இன்று ஆடிக்கொண்டிருக்கும் முன்னணி வீரரைக் குறிக்க ‘அணியின் முகம்’ என்று எழுதுவோருடன் எனக்குப் பிணக்கில்லை. வரலாற்றைப் பேசும் இடத்தில் மட்டும் பேர்சொல்லும் வீரர் என்று எழுதுங்கள்.