பஸ், ஆம்னி பஸ், பேருந்து: ஒரு நான்காம் வேற்றுமையின் கதை

‘பஸ்’ என்பது முழுச் சொல் அன்று. ஒரு சொல்லின் வால். இலத்தீனில் ‘ஓம்னிஸ்’ என்றால் எல்லாம், எல்லாரும் என்று பொருள். அதன் பன்மையில் நான்காம் வேற்றுமை ஏறிய வடிவம் ‘ஓம்னிபுஸ்’. அதைத் தமிழில் ‘யாவர்க்கும்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். ஆங்கிலேயர் இந்தச் சொல்லைப் பேச்சில் வெட்டிச் சுருக்கியபோது, பொருள் தரும் பகுதியை உதறிவிட்டு உருபை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆகவே இலக்கணப்படி பார்த்தால், நாள்தோறும் நாம் ஏறி இறங்குவது ஒரு ‘கு’ உருபில்தான். முன்னால் இருந்த ‘யாவர்’ வழியிலேயே இறக்கிவிடப்பட்டுவிட்டார்.

சொல் பிறந்த இடம் பிரான்சு. 1826-இல் நாந்த் நகரின் புறத்தே வெந்நீர்க் குளியலகம் நடத்திவந்த ஸ்தானிஸ்லாஸ் போத்ரி, குளிக்க வருவோரை ஏற்றிவரக் குதிரைவண்டி ஒன்றை விட்டார். குளிக்கும் நோக்கமே இல்லாதவர்கள் நடுவழியில் ஏறுவதையும் இறங்குவதையும் கண்டபின், குளியலகத்தைவிட வண்டியே நல்ல தொழில் என்று அவருக்குப் பட்டது. வண்டி நின்ற இடத்துக்கு எதிரே ஒம்னேஸ் என்பவரின் தொப்பிக் கடை இருந்ததாகவும், ‘ஒம்னேஸ் ஓம்னிபுஸ்’ என்று அவர் சிலேடையாக எழுதிவைத்த பலகையிலிருந்தே வண்டிக்குப் பெயர் வந்ததாகவும் ஒரு கதை உண்டு. கதை சுவையானது, சொற்பிறப்பியலில் சுவையான கதைகளைச் சற்றுத் தள்ளி நின்றே கேட்க வேண்டும். 1828-இல் பாரிசுக்குப் போன அந்த வண்டி, 1829 ஜூலை 4-இல் ஜார்ஜ் ஷில்லிபியரால் லண்டனில் ஓடத் தொடங்கியது. மூன்று குதிரைகள் இழுக்க 22 பேர் அமரக்கூடிய அந்த ‘யாவர்க்கும்’ வண்டியில் முழுத் தொலைவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். கூலித் தொழிலாளி நினைத்துப் பார்க்க முடியாத தொகை.

இதற்கு முன்னோடி ஒன்றும் பாரிசிலேயே இருந்தது. கணித அறிஞர் பாஸ்கலின் யோசனைப்படி 1662 மார்ச்சில், குறித்த வழியில், குறித்த நேரத்தில், ஐந்து சோல் காசுக்கு ஓடும் பொதுவண்டிகள் தொடங்கப்பட்டன. ஆனால் அனுமதி தந்த பாரிசு நீதிமன்றம், படைவீரர்களும் ஏவலாட்களும் உடலுழைப்பாளர்களும் அவற்றில் ஏறக்கூடாது என்று விதி வைத்தது. அந்த வண்டிகள் நெடுங்காலம் ஓடவில்லை. விதிதான் வேறு வேறு வடிவில் வேறு வேறு நாடுகளில் ஓடிக்கொண்டிருந்தது.

தமிழ்நாட்டில் இந்தச் சொல்லுக்கு நேர்ந்தது இன்னும் விந்தையானது. ஆங்கிலேயர் உதறிய முன்பாதியை நாம் விடாமல் வைத்துக்கொண்டு, அதைத் தனியார் தொலைதூர வண்டிக்குச் சூட்டினோம். ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றும்படி அமைந்த வண்டியை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் ‘ஆம்னிபஸ்’ என்று வரையறுக்கிறது. அந்தச் சட்டச் சொல் வழக்கில் ‘ஆம்னி பஸ்’ என்று இரண்டாக உடைந்து, பண்டிகைக்கு முந்தின இரவில் விமானக் கட்டணத்தோடு போட்டியிடும் வண்டியின் பெயராக நிலைத்துவிட்டது. தீபாவளிக்கு ஊருக்குப் போக இடம் கிடைக்காமல் நிலையத்தில் நின்றவர்கள், அந்தப் பெயரின் நேர்ப்பொருள் ‘எல்லாருக்கும்’ என்று அறிந்தால் சிரிப்பார்களா, சினப்பார்களா என்று சொல்வதற்கில்லை.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘பேருந்து’ என்பது பெருமை, உந்து என்னும் இரண்டும் சேர்ந்தது. நன்னூல் பண்புப்பெயர்களுக்குச் சொல்லும் முறைப்படி ‘மை’ ஈறு கெட்டு, முதலெழுத்து நீண்டு, ‘பேர்’ என்றாகி, வருமொழியின் உகரத்தோடு கூடுகிறது. பேரரசு, பேரின்பம் ஆகியவையும் இவ்வாறே அமைந்தவை. இலங்கையில் பலகைகளிலும் செய்தித்தாள்களிலும் அடிக்கடி காணப்படும் ‘பேரூந்து’ என்னும் வடிவத்துக்கு இலக்கண அடிப்படை இல்லை. பேரூரில் ஊர் இருப்பதால் நெடில் வந்தது. ‘ஊந்து’ என்று ஒரு சொல் தமிழில் இல்லை. சிற்றுந்து, மகிழுந்து, தொடருந்து எல்லாம் இதே ‘உந்து’ குடும்பத்தைச் சேர்ந்தவை. பழைய சொல்லான ‘ஊர்தி’ ஏறிச் செல்பவரை வைத்துப் பிறந்தது. ‘உந்து’ இயந்திரத்தின் தள்ளுதலை வைத்துப் பிறந்தது. பேருந்து அழகான ஆக்கம், நிலைத்தும்விட்டது, மாற்றத் தேவையில்லை. ஆனால் அது வண்டியின் பருமனையும் விசையையும் சொல்கிறதே தவிர, யாருக்காக ஓடுகிறது என்பதைச் சொல்வதில்லை.

யாருக்காக என்பது இங்கே வழக்காடித் தீர்க்க வேண்டிய கேள்வியாகவே இருந்துவந்திருக்கிறது. தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுத்த தனியார் பேருந்துகள் ஓடிய காலத்தில், இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த ஊ. பு. அ. சௌந்தரபாண்டியன், அவ்வாறு மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று ஆணையிட்டார். காலம் மாறி, பேருந்து அரசுடைமையான பிறகும் சிக்கல் தீரவில்லை. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மனின் தளபதியாக இருந்தவரும் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்தவருமான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் வைக்கப்பட்டபோது, அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றவர்களால் தென்மாவட்டங்கள் கலவரத்தில் மூழ்கின. முடிவில் எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரும் நீக்கப்பட்டன. 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய முதிய பெண் ஒருவரை, நாற்றம் அடிக்கிறது என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். செய்தி பரவியதும் ஊழியர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். பாரிசு நீதிமன்றம் உடலுழைப்பாளர்களை விலக்கி ஏறத்தாழ 360 ஆண்டுகள் ஆகியிருந்தன.

குளச்சல் நிகழ்ச்சி கட்டணமில்லாப் பேருந்தில் நடந்தது என்பது கவனிக்கத்தக்கது. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். திருநங்கையரும் மாற்றுத்திறனாளிகளும் பிறகு சேர்க்கப்பட்டார்கள். அரசு இதற்கு ‘விடியல் பயணம்’ என்று பெயரிட்டது, முகப்பில் அடித்த வண்ணத்தால் மக்கள் ‘பிங்க் பஸ்’ என்கிறார்கள், மனம் பொறாதவர்கள் ‘ஓசி’ என்கிறார்கள். இந்தப் பூசலுக்கும் இலக்கணத்தில் இடம் உண்டு. ‘கு’ உருபுக்குக் கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை எனப் பொருள்களை அடுக்குகிறது நன்னூல். ‘ஓசி’ என்பவர், ‘பெண்களுக்குப் பேருந்து’ என்பதில் வரும் உருபைக் கொடைப் பொருளில் படிக்கிறார். விடியற்காலையில் பூக்கூடையோடு சந்தைக்குப் போகும் பெண்ணோ அதே உருபைத் தகவுப் பொருளில் படிக்கிறாள்: அவளுக்குத் தக்கது, அவளுக்கு உரியது. நடத்துநர் சீட்டு கிழிக்கும்போது முகத்தில் காட்டும் கடுப்பு எந்தப் பொருளில் என்பதை ஏறுகிறவர் ஒவ்வொருவரும் அறிவர்.

உலக அளவில் இந்தக் கருத்துக்கு இப்போது வழங்கும் தொடர் நீளமானது. 2015-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற நிலையான வளர்ச்சி இலக்குகளில் 11.2 எண்ணுள்ள கூறு, பாதுகாப்பான, கட்டுபடியாகும், அணுகத்தக்க, நிலைத்த போக்குவரத்து 2030-க்குள் யாவர்க்கும் கிடைக்க வேண்டும் என்கிறது. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், முதியோர் ஆகியோரைத் தனியே குறிப்பிடுகிறது. அந்த ‘யாவர்க்கும்’ என்பதை இலத்தீனில் பெயர்த்தால் ‘ஓம்னிபுஸ்’ என்றே வரும். இரண்டு நூற்றாண்டு சுற்றிச் சொல் புறப்பட்ட நிறுத்தத்துக்கே வந்திருக்கிறது. இக்கருத்தைத் தமிழ் அரசு ஆவணங்கள் ‘உள்ளடக்கிய போக்குவரத்து’ என்று எழுதுகின்றன. பிழையில்லை, ஆனாலும் எனக்கு அந்தச் சொல் உவப்பாக இல்லை. உள்ளே அடக்குபவர் ஒருவர், அடங்குபவர் இன்னொருவர் என்னும் மேல்கீழ் அதில் ஒட்டியிருக்கிறது. கூட்ட நேரத்துப் பேருந்தில் ஆட்களைத் திணிப்பதையும் அது நினைவூட்டிவிடுகிறது. திருமந்திரத்தின் பெயர்பெற்ற பாடல் ஒன்று நான்கு அடிகளையும் ‘யாவர்க்குமாம்’ என்றே தொடங்குகிறது. யாவர்க்கும் ஆம், அதாவது யாராலும் இயலும் என்பது அதன் பொருள். யாவர்க்காகவும் ஓடுவதோடு நில்லாமல், யாவர்க்கும் ஏற இயலுவதாகவும் இருப்பதே நாம் கேட்பது. இரண்டும் ஒரே சொல்லில் அமைகின்றன. ‘யாவர்க்குமாம் போக்குவரத்து’ என்று எழுதலாம். மரபு நெருடினால் ‘யாவர்க்குமான போக்குவரத்து’ என்றாவது எழுதலாம்.

இயலுவது என்பது கடைசியில் மில்லிமீட்டர் கணக்காகிவிடுகிறது. இந்தியாவின் நகரப் பேருந்து விவரக்குறிப்பு தரையிலிருந்து தளத்தின் உயரத்தை மூன்றாக வகுத்தது: 900, 650, 400 மில்லிமீட்டர். முதலாவது நாம் பழகிய படிக்கட்டுப் பேருந்து, மூன்றாவது தாழ்தளப் பேருந்து (பலகைகளில் ‘ப்’ விழுந்துவிடுகிறது, போட்டு எழுதுவதே முறை). மின்பேருந்து வந்தால் புகை போகும். படிக்கட்டு தானாகப் போய்விடாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் போக்குவரத்தை அணுகத்தக்கதாக்க வேண்டும் என்றது. சென்னை உயர்நீதிமன்றத்தில் நெடுநாள் நடந்த வழக்கில் அரசு சாலையின் நிலையையும் மழைநீரையும் காரணம் காட்டியது. 2024 ஆகஸ்டில் சென்னையில் மாநகர் போக்குவரத்துக் கழகம் புதிய தாழ்தளப் பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. 2025 ஜூனில் வியாசர்பாடியிலிருந்து புறப்பட்ட 120 மின்பேருந்துகளும் தாழ்தளமாகவே வந்தன. நிறுத்தத்தில் இந்த வண்டி ஏறுபக்கமாகச் சாய்ந்து இன்னும் கொஞ்சம் இறங்கும், ‘மண்டியிடுகிறது’ என்கிறார்கள். நடுக்கதவில் மடக்கு சாய்தளம் உண்டு. ஓட்டுநர் நடைமேடையை ஒட்டி நிறுத்தினால் சக்கர நாற்காலி நேரே உருண்டு ஏறும். இரண்டு முழம் தள்ளி நிறுத்தினால், சாய்தளப் பலகை சாலையில் போய் முட்டிக் கடுஞ்சரிவாக நிற்கும்.

நான் ஏறிய தாழ்தளப் பேருந்து ஒன்றில், முன்னே நின்ற பாட்டி ஒருவர் வழக்கம்போலச் சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறுகையால் கம்பியைப் பற்றி, முழங்கால் உயரத்துக்குக் காலைத் தூக்கினார். அங்கே படி இல்லை. தூக்கிய கால் வெறும் காற்றில் ஒரு கணம் நின்று, பிறகு மெல்லத் தளத்தில் இறங்கியது.