கரண்ட் போனால் மேலே இருப்பவர் என்ன ஆவார்? மேடையில் ஆள் தூக்கும் வேலை பற்றி

வேலூர்ப் பக்கம் கொஞ்சம் வசதியான கல்யாணங்களில் மணப்பெண் இப்போது மேலிருந்து இறங்குகிறாள். பூச்சுற்றிய வளையம், கீழே புகை, இரண்டு பக்கமும் பூவாணம்போல் பொறி தெறிக்கும் கோல்டு பைரோ. கல்லூரி விழாவில் நடனக்குழுப் பையன் கயிற்றில் பறந்து வருகிறான். அம்மன் கோவில் திருவிழாவில் பக்தர்கள் கிரேனில் தொங்கிப் போய் மாலை போடுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு இவை மூன்று வேறு உலகம். எனக்கு மூன்றும் ஒரே வேலைதான், ஆளைச் சுமையாகத் தூக்குவது.

இராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் ரிக்கராக, அதாவது கனமான பொருளைக் கட்டித் தூக்குகிறவனாக, இருந்துவிட்டு மேடை வேலைக்கு வந்தவன் நான். அங்கே முதல் நாளே சொல்லித் தருவது, தூக்கிய பொருளுக்குக் கீழே யாரும் நிற்கக்கூடாது என்பது. மேடையில் தூக்கிய பொருளே ஆள்தான். அதனால்தான் இரும்பு தூக்கும் கம்பிக்கயிறுக்கு 5 மடங்கு பலம் வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள், ஆளைப் பறக்கவிடும்போது குறைந்தது 10 மடங்கு வைக்கிறார்கள்.

"பொண்ணு அம்பத்தஞ்சு கிலோண்ணா, இந்தக் கயிறு ஒரு டன் தாங்கும், இன்னாண்ணா பயப்படுறீங்க?" என்று டெக்கரேஷன் தம்பிகள் கேட்பார்கள். சரி, கணக்கையே பார்ப்போம். அசையாமல் தொங்கும் 60 கிலோ ஆள் 60 கிலோதான். அவரை 60 டிகிரி சாய்வுக்கு இழுத்து ஊஞ்சலாக விட்டால், அடிப்புள்ளியைக் கடக்கும்போது கயிற்றில் 120 கிலோ விழும். 90 டிகிரியிலிருந்து விட்டால் 180. வளையத்தை இரண்டு கயிற்றில் கட்டினால் எடை பாதிப்பாதியாகப் பிரியும் என்று நம்புகிறார்கள். கயிறுகளை அகலமாக விரித்து நடுவே 120 டிகிரி வந்துவிட்டால், ஒவ்வொரு கயிறும் முழு எடையையும் தாங்க வேண்டும். தொய்ந்த கயிறு வெடுக்கென்று இறுகும்போது வரும் அடி இதற்கெல்லாம் மேலே.

ஆனாலும் நல்ல கயிறு நட்டநடுவில் அறுவது அபூர்வம். கோளாறு பெரும்பாலும் மாட்டும் இடத்தில்தான். 1999 மே மாதம் அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் மல்யுத்த வீரர் ஓவன் ஹார்ட் கூரையிலிருந்து இறங்கும்போது விழுந்து இறந்தார். சட்டென்று கழன்றுகொள்ள வசதியாக, பாய்மரப் படகுக்குச் செய்த கொக்கி ஒன்றை மாட்டியிருந்தார்கள். அது முன்கூட்டியே திறந்துகொண்டது. 2010 டிசம்பரில் நியூயார்க் மேடையில் ஸ்பைடர்மேன் நாடக நடிகர் விழுந்தபோது பிடிகயிறு மாட்டப்படாமலே இருந்தது. 2013 ஜூனில் லாஸ் வேகஸில் ஒரு சர்க்கஸ் கலைஞர் இறந்ததற்குக் காரணம், கம்பிக்கயிறு கப்பியின் பள்ளத்தைவிட்டு விலகி அறுந்தது. பணத்துக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லாத இடங்கள் இவை.

நம் நாட்டிலும் வரிசை இருக்கிறது. 2021 டிசம்பரில் ராய்ப்பூரில் வளையத்தில் நின்ற மணமக்கள் சுமார் 12 அடியிலிருந்து விழுந்து சின்னக் காயங்களோடு தப்பினார்கள். 2024 ஜனவரியில் ஐதராபாத் ராமோஜி பிலிம் சிட்டியில், வெள்ளிவிழா மேடைக்குக் கூண்டில் இறங்கிவந்த நிறுவனத் தலைவர், ஒரு பக்கச் சங்கிலி அறுந்து விழுந்து இறந்தார். இரண்டுக்கும் நடுவே நம் ஊர். 2023 ஜனவரியில் அரக்கோணம் அருகே நெமிலிப் பக்கத்துக் கீழ்வீதியில், கோவில் திருவிழாவில் மாலை போடுவதற்காக ஆட்கள் தொங்கியிருந்த கிரேன் சாய்ந்து உயிர்கள் போயின.

அதன் பிறகும் ஹைட்ரா என்கிற, சுமையோடு நகரும் சின்னக் கிரேனைத்தான் கூப்பிடுகிறோம். நாள் வாடகைக்குச் சுலபமாகக் கிடைக்கும் வண்டி. 14 டன் என்று பக்கத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து, 3 ஆள் எம்மாத்திரம் என்று நினைக்கிறார்கள். அந்த 14 டன், பூம் என்கிற நீளக் கை வண்டிக்கு ஒட்டியிருக்கும்போது உள்ள கணக்கு. பூமை நீட்டி முன்னால் சாய்க்கச் சாய்க்க அது மளமளவென்று குறையும். பெரிய கிரேன்களுக்கு உள்ளதுபோல விரித்து ஊன்றும் கால்கள் இதற்குக் கிடையாது, நான்கு டயரில்தான் நிற்கிறது. ஒரு டயர் மண்ணில் இறங்கினால் கீழே அது ஒரு சாண்தான், 40 அடி உயரத்தில் பூமின் நுனி எவ்வளவு நகரும் என்று யோசித்துப் பாருங்கள். திருவிழா நடப்பதோ உழுத நிலத்துக்குப் பக்கத்தில், மேடு பள்ளத்தில். பொருள் தூக்கச் செய்த வண்டி அது. ஆளைத் தொங்கவிட்டுக்கொண்டு நகரச் செய்ததல்ல.

ஆளுக்கென்றே செய்த எந்திரத்தில் என்னதான் வித்தியாசம்? வேகமும் உயரமும் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும், பாட்டின் இந்த வரிக்கு இத்தனை மீட்டர் என்று துல்லியமாக ஓடும். அது பார்வைக்கு அழகு, அவ்வளவுதான். காசு போவது நிறுத்துவதற்கு. பிரேக் இரண்டு இருக்கும், முழு எடையையும் ஒவ்வொன்றும் தனியாகத் தாங்கும். எல்லையைத் தாண்டினால் நிறுத்த ஒரு சுவிட்ச், அதுவும் ஏமாற்றினால் இன்னொன்று. கயிறு தொய்ந்தால், வேகம் மீறினால், எடை கூடினால் தானாக நிற்கும். ஆபரேட்டர் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் ஓடும், விரல் எடுத்தால் நின்றுவிடும். இவ்வளவும் எதற்கு என்றால், 5 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர ஒரு நொடி போதும், தரையில் மோதும்போது வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர். அந்த ஒரு நொடியில் மனிதன் யோசித்துப் பொத்தானைத் தேட முடியாது.

எந்திரம் கொண்டுவருகிறவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கரண்ட் போனால் என்ன ஆகும்? நல்ல வின்ச்சில், அதாவது கயிற்றைச் சுற்றித் தூக்கும் எந்திரத்தில், பிரேக்கைத் திறந்து வைத்திருப்பதே கரண்ட்தான். அது போனதும் ஸ்பிரிங் இறுக்கி அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். சரி, அப்புறம்? ஜெனரேட்டர் எடுக்கும் வரை பெண் இருட்டில் தொங்குகிறாள். கையால் பிரேக்கைத் தளர்த்தி மெதுவாக இறக்க வழி இருக்கிறதா, அதைச் செய்யத் தெரிந்தவர் எங்கே நிற்பார் என்று கேளுங்கள். "ஜெனரேட்டர் உடனே எடுத்துக்கும் சார்" என்பது இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

இதில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. ஹார்டுவேர் கடையில் வாங்கும் கட்டடவேலை பெல்ட், விழுகிறவனைப் பிடிக்கச் செய்தது, கொக்கி முதுகில் இருக்கும். அதில் அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கிச் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். அதனால் ஏணியோ சக்கரம் வைத்த சாரமோ பக்கத்திலேயே தயாராக இருக்க வேண்டும். கோடவுனில் இருந்தால் பிரயோஜனமில்லை. பெல்ட்டின் வயதையும் பாருங்கள். பாலியெஸ்டர் நூலை வெயில் தின்றுவிடும். நம் ஊர் சித்திரை வெயிலில் லாரி மேல் கிடந்து நிறம் வெளுத்த பெல்ட்டை நான் வெட்டிப் போட்டுவிடுவேன். முதலாளி முறைத்தாலும் பரவாயில்லை.

அப்புறம், மேலே எதில் மாட்டுவது? தகரக்கூரை மண்டபத்தின் ட்ரஸ் என்கிற இரும்புச் சட்டம், தகரத்தையும் காற்றையும் தாங்கப் போட்டது. ஃபேன் கொக்கி ஃபேனுக்குப் போட்டது. மண்டபத்தின் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுதித் தராமல் நான் கூரையில் கை வைப்பதில்லை, தரையிலிருந்து தனி ட்ரஸ் எழுப்பிவிடுவேன்.

செய்யாறு, புரிசை பக்கம் கூத்து பார்த்தவர்களுக்கு அர்ச்சுனன் தபசு தெரியும். வேஷக்காரர் பாடிக்கொண்டே தபசு மரத்தில் ஏறுவார். அதுவும் உயரம்தான், அதுவும் ஆபத்துதான். ஆனால் எங்கே நிற்பது, எப்போது அடுத்த படி வைப்பது என்பது அவர் கையில் இருக்கிறது. வின்ச்சில் தொங்குகிறவருக்கு அது இல்லை. அவருடைய கண் ஆபரேட்டர்தான். அந்த ஆபரேட்டரைப் போட்டோவில் விழக்கூடாது என்று திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, முன்னால் புகையையும் அடிக்கிறோம். தொழிற்சாலையில் 'தூக்கு' என்று கைகாட்ட ஒருவருக்குத்தான் உரிமை. 'நிறுத்து' என்று யார் கத்தினாலும் நிறுத்தியாக வேண்டும், டீ கொடுக்க வந்தவர் கத்தினாலும். மேடையில் இது தலைகீழாக நடக்கிறது. வீடியோகிராபர் "இன்னும் மேல" என்கிறார், பெண்ணின் சித்தப்பா "போதும்பா" என்கிறார், இரண்டும் ஆபரேட்டர் காதில் ஒன்றாக விழுகிறது.

கோவில் கமிட்டிக்காரர்கள் கேட்டால் நான் சொல்வது, மாலையை மட்டும் ஏற்றுங்கள் என்று. இரண்டு கப்பி, ஒரு கயிறு, கீழே நின்று இழுக்க நாலு பேர், அரைமணி நேர வேலை. ஆள்தான் போக வேண்டும் என்றால் எனக்கு ஒரு முழு நாள் வேண்டும், மணல்மூட்டை கட்டி ஏற்றி இறக்கிப் பார்க்க. கல்யாண வீட்டாருக்கும் இதேதான். மண்டபம் பதிவு செய்யும்போதே கூப்பிடுங்கள். ரிசப்ஷன் அன்றைக்கு மத்தியானம் கூப்பிட்டால் என் பதில் 'முடியாது' என்பதுதான், அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.