இரண்டு கேள்விக்கு ஒரே சீட்டு

"ஐரோப்பாவில் ஓர் அரசு 'வெளிநாட்டுப் போருக்குப் படை அனுப்ப மாட்டோம்' என்கிறது. கொஞ்ச நாளில் அனுப்பியும் விடுகிறது. அத்தனை உறுப்பினர்களின் மனமும் எப்படி ஒரே நேரத்தில் மாறுகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

மனம் மாற வேண்டியதே இல்லை. கேட்கப்படும் கேள்வி மாறினால் போதும், விடை மாறிவிடும். இதற்கு நான் அறிந்ததிலேயே மிக அழகான எடுத்துக்காட்டு, 2001 நவம்பர் 16 அன்று பெர்லினில் நடந்த வாக்கெடுப்பு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஜெர்மனி வெளிநாட்டுச் சண்டை எதற்கும் படை அனுப்பவில்லை. 1994 ஜூலையில் அதன் அரசியல் சாசன நீதிமன்றம், அனுப்பலாம், ஆனால் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1999-ல் கொசோவோ போரில் ஜெர்மன் விமானங்கள் பறந்தன. அமைதி இயக்கத்திலிருந்து வளர்ந்த பசுமைக் கட்சி அப்போது ஆட்சியில் பங்காளி. அந்த ஆண்டு நடந்த கட்சி மாநாட்டில், வெளியுறவு அமைச்சர் ஜோஷ்கா ஃபிஷர் மீது பெயிண்ட் பை வந்து விழுந்து அவருடைய செவிப்பறையே கிழிந்தது. கட்சிக்குள் கோபம் அவ்வளவு இருந்தது.

அப்புறம் 2001 செப்டம்பர் 11. ஜெர்மனியின் ஆட்சித் தலைவரான சான்சலர் கெர்ஹார்ட் ஷ்ரோடர் அமெரிக்காவுக்கு வரம்பில்லாத ஆதரவு என்று அறிவித்தார். நவம்பரில், அமெரிக்கா தலைமையிலான பயங்கரவாத எதிர்ப்புப் போருக்கு 3,900 வீரர்கள் வரை அனுப்ப அமைச்சரவை முடிவெடுத்தது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி போன்ற பெரிய எதிர்க்கட்சிகளும் படை அனுப்ப ஆதரவுதான். ஆகவே தீர்மானம் சுலபமாக நிறைவேறியிருக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. சொந்தக் கூட்டணியில் சிலர் எதிர்த்தார்கள். எதிர்க்கட்சி கைகொடுத்துத்தான் போர்த் தீர்மானம் நிறைவேறும் என்றால், ஆளும் கூட்டணிக்குப் பெரும்பான்மை இருக்கிறதா என்ற கேள்வி எழும்.

ஷ்ரோடர் இரண்டையும் முடிச்சுப் போட்டார். படை அனுப்பும் தீர்மானத்தையும் தன் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பையும் ஒரே வாக்காக்கினார். ஜெர்மன் கூட்டாட்சியின் வரலாற்றில் ஒரு குறிப்பிட்ட தீர்மானத்தோடு நம்பிக்கை வாக்கைச் சேர்த்தது அதுதான் முதல் முறை.

என்னை மயக்குவது இந்த இடம்தான். கேள்விகள் இரண்டு: படை போகலாமா? இந்த ஆட்சி நீடிக்கலாமா? தனித்தனியாகக் கேட்டால் ஓர் உறுப்பினரிடமிருந்து நான்கு வகை விடை வரலாம். கையில் இருப்பதோ பெயர் அச்சிட்ட சீட்டுகள்: நீலம் என்றால் ஆம், சிவப்பு என்றால் இல்லை, வெள்ளை நடுநிலை. நான்கு வகை மனதை ஒரு சீட்டுக்குள் அடைக்க வேண்டும்.

இரண்டுக்கும் 'ஆம்' என்பவருக்குச் சிரமமில்லை. எதிர்க்கட்சிக்காரர் 'படை போகட்டும், ஆட்சி வேண்டாம்' என்பவர். பசுமைக் கட்சியின் அதிருப்தியாளர் 'ஆட்சி இருக்கட்டும், படை வேண்டாம்' என்பவர். ஒரே சீட்டு என்றதும் இருவரும் தங்களுக்கு எந்தக் கேள்வி கனமானது என்று எடைபோட வேண்டியதாகிறது. விளைவு தலைகீழ். படையை ஆதரித்தவர் சிவப்பைப் போடுகிறார், எதிர்த்தவர் நீலத்தைப் போடுகிறார். யாருடைய கருத்தும் ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

நம்பிக்கை வாக்கின் விதி இதை இன்னும் இறுக்குகிறது. அவைக்கு வந்தவர்களில் பாதி போதாது, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வேண்டும். அன்று 666 பேர், தேவை 334. அதனால் வெள்ளைச் சீட்டும் சிவப்பும் ஒன்றுதான், ஒதுங்கி நிற்க வழியில்லை. தோற்றால் நாடாளுமன்றத்தைக் கலைக்கும்படி சான்சலர் ஜனாதிபதியிடம் கேட்கலாம்.

பசுமைக் கட்சியில் எட்டுப் பேர் போரை எதிர்த்து நின்றார்கள். அந்த எட்டுப் பேரும் பாதிப் பாதியாகப் பிரிந்தார்கள்: நான்கு பேர் 'இல்லை', நான்கு பேர் 'ஆம்'. எண்ணிப் பார்த்தால் ஆம் 336, இல்லை 326. எட்டுப் பேரும் சிவப்பைப் போட்டிருந்தால் 332-ல் நின்றிருக்கும், இரண்டு வாக்கில் ஆட்சி தோற்றிருக்கும். எதிர்ப்பும் பதிவாக வேண்டும், ஆட்சியும் பிழைக்க வேண்டும் என்ற இரட்டை விடையைத் தனி ஆளாகச் சொல்ல முடியாதவர்கள் எட்டுப் பேராகச் சேர்ந்து சொன்னார்கள். இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

வாக்குகளைத் திரட்டும் முறையே முடிவை மாற்றும் என்பதை ஆராயச் சமூகத் தேர்வுக் கோட்பாடு என்று ஒரு துறையே இருக்கிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் கொண்டோர்சே 1785-லேயே அதற்கு அடித்தளம் போட்டார். நம் அமர்த்தியா சென்னுக்கு 1998-ல் நோபல் கிடைத்ததில் இத்துறைப் பணிக்கும் பங்கு உண்டு. அறிவியல் என்றாலே ராக்கெட்டும் ஆய்வுக்கூடமும் என்று நினைத்து, பேனாவும் தாளும் மட்டுமே கேட்கும் இந்தக் கணிதத்துக்கு நாம் போதிய நிதியும் தருவதில்லை, பாடத்திட்டத்தில் போதிய இடமும் தருவதில்லை. இது பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து. வீரர்களைப் போருக்கு அனுப்பும் முடிவே இந்தக் கணக்கில் தொங்கும்போது, குடிமக்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா?

சரி, முடிச்சு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அதற்கும் கிட்டத்தட்ட ஒரு பரிசோதனை தானாகவே அமைந்தது. ஐந்தே வாரம் கழித்து, டிசம்பர் 22 அன்று, ஐ.நா. அனுமதி பெற்ற பாதுகாப்புப் படையில் சேர ஆப்கானிஸ்தானுக்கு 1,200 வீரர்கள் வரை அனுப்பலாமா என்று அதே அவையில் கேட்டார்கள். பணி வேறு, அளவும் சிறியது. ஆனால் இந்த முறை கேள்வி ஒன்றுதான். 581 பேர் வாக்களித்தார்கள். 538 பேர் 'ஆம்' என்றார்கள்.