கூலர் வாங்கும் முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள்

வீடியோ எடிட்டிங் செய்யும் பெண் ஒருவர், தன் சின்ன மினி ஐடிஎக்ஸ் கம்ப்யூட்டரைத் துணிப்பையில் போட்டு எடுத்துவந்தார். இன்னொரு கையில் பிரிக்காத புது கூலர், ப்ராசஸர் மேல் மாட்டும் வகை. "அண்ணா, ப்ராசஸர் 95 டிகிரிக்குப் போகுது, ஃபேன் கத்துது. இதை மாட்டிக் கொடுத்தாப் போதும்" என்றார்.

கூலர் பெட்டியில் உயரம் 65 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. கேபினெட்டைத் திறந்து, ப்ராசஸரின் மேற்பரப்பிலிருந்து மூடி வரைக்கும் அளந்தேன். 47. மாட்டலாம்தான், மூடியை மறந்துவிட்டால்.

வாரத்துக்கு ஒருவராவது இப்படி வருகிறார்கள். சூடாகிறது என்றால் கூலர் போதவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரிய கேபினெட்டில் அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக வரும். சின்னப் பெட்டியில் நான் முதலில் பார்ப்பது கூலரை அல்ல, காற்று எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியே போகிறது என்பதை. கூலர் சூட்டை அழிப்பதில்லை, ப்ராசஸரிலிருந்து எடுத்துக் காற்றில் ஏற்றிவிடுகிறது, அவ்வளவுதான். அந்தக் காற்று பெட்டியை விட்டுப் போகாவிட்டால், ஃபேன் தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். மூடியைப் போட்டு, ப்ராசஸரை முழு வேலை வாங்கும் ஏதாவது ஒன்றை இருபது நிமிடம் ஓட விடுங்கள். சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருள் போதும், நீங்கள் வழக்கமாகச் செய்யும் ரெண்டரிங் இன்னும் நல்லது. பிறகு மூடியைக் கழற்றிவிட்டு அதையே திரும்ப ஓட்டுங்கள். இரண்டு முறையும் அறையின் வெப்பம் ஒன்றாக இருக்க வேண்டும். காலையில் ஒன்று, உச்சி வெயிலில் ஒன்று என்று எடுத்தால் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது. மூடியைத் திறந்ததும் நிலைமை நன்றாகத் தேறினால் குறை காற்று வழியில். திறந்தும் ஒன்றும் மாறவில்லை என்றால் குறை கூலரிலோ, அதற்கும் ப்ராசஸருக்கும் நடுவே தடவும் பேஸ்ட்டிலோ, கூலர் சரியாக அமராததிலோ இருக்கிறது. அப்போதுதான் புது கூலரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு, பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அந்தப் பெண்ணின் ப்ராசஸர் ரைசன் 7 7700எக்ஸ். மூடி போட்டபோது 95 டிகிரி, கழற்றியபோதும் 95 டிகிரி. "பாத்தீங்களா, மூடியால ஒண்ணும் இல்ல" என்றார். டிகிரியை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அந்த வரிசை ப்ராசஸர்கள் 95 டிகிரியை எல்லையாக வைத்துக்கொண்டு, அதைத் தாண்டாமல் எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ அவ்வளவு ஓடும். கூலிங் மேம்பட்டால் டிகிரி குறைவதற்குப் பதிலாக வேகம் கூடும். அதனால் எச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி ஒரு மென்பொருளைத் திறந்து, ப்ராசஸர் எத்தனை வாட் எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். மூடி போட்டபோது 80 வாட்டை ஒட்டி நின்றது, கழற்றியதும் 100-ஐத் தொட்டது. அந்த இருபது வாட் வித்தியாசம் மூடியால் வந்தது.

வாட் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ப்ராசஸர் பெட்டியில் 65 வாட் என்று போட்டிருப்பதையும் கூலர் பெட்டியில் 95 வாட் என்று போட்டிருப்பதையும் பக்கத்தில் வைத்து, 'அப்பாடா, போதும்' என்று வாங்கிவிடாதீர்கள். இன்டெல் கோர் ஐ7-12700-இன் அடிப்படை அளவு 65 வாட். டர்போவில், அதாவது வேகத்தைக் கூட்டி ஓடும்போது, அது 180 வாட் வரை போகலாம் என்று இன்டெல்லே குறிப்பிடுகிறது. பல மதர்போர்டுகள் அந்த டர்போ அளவைச் சில நொடிகளோடு நிறுத்தாமல் முழு நேரமும் திறந்துவிட்டிருக்கும். ரைசன் தயாரிக்கும் ஏஎம்டியில் 65 வாட் என்று போட்டிருந்தால், ப்ராசஸர் உட்காரும் சாக்கெட் வழியாக 88 வாட் வரை போகும், 105 வாட் என்றால் 142. கூலர்காரர்கள் தரும் வாட் அளவோ ஆளுக்கு ஒரு முறையில் கணக்கிட்டது. எந்த அறை வெப்பத்தில், எந்தக் கேபினெட்டில் என்று யாரும் சொல்வதில்லை. நான் அந்த எண்ணைப் படிப்பதே இல்லை.

சரி, அந்தப் பெட்டிக்கு என்ன செய்தேன்? அதில் ஏற்கெனவே 37 மில்லிமீட்டர் உயரக் கூலர் ஒன்று இருந்தது. 47-இல் 37 போக, ஃபேனுக்கும் துளையுள்ள மூடிக்கும் நடுவே 10 மில்லிமீட்டர் சந்து. ஃபேன் வெளிக்காற்றை மூடியின் துளை வழியாக இழுக்க வேண்டும், ஆனால் அந்தச் சந்துக்குள் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும் சூடான காற்றை இழுப்பதுதான் அதற்கு எளிது. ஃபேனைச் சுற்றி, மூடியைத் தொடும் உயரத்துக்கு ஃபோம் பட்டையைச் சதுரமாக ஒட்டினேன். இனி மூடித் துளை வழியாகத்தான் காற்று வந்தாக வேண்டும். நாக்டுவா நிறுவனம் தன் தாழ்ந்த கூலர்களுக்கு இதற்கென்றே ஃபோம் சட்டங்களை விற்கிறது. நம் கையால் வெட்டி ஒட்டினாலும் அதே வேலையைச் செய்யும். ஃபோம் துணுக்கு ஃபேன் இறக்கையில் உரசாமல் பார்த்துக்கொண்டால் சரி.

மூடியைப் போட்டுத் திரும்ப ஓட்டினோம். 98 வாட். கிட்டத்தட்ட மூடி இல்லாத நிலை.

இதற்கு நேர்மாறான கதை, நிறுவனங்கள் முழுதாகத் தயாரித்து விற்கும் சிறிய ஆஃபீஸ் கம்ப்யூட்டர்களில் நடக்கும். உள்ளே ஹீட் சிங்க், அதாவது சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகப் பாகம், அதன் மேல் கறுப்பு பிளாஸ்டிக் கூடு ஒன்று இருக்கும். சுத்தம் செய்யும்போது அதைக் கழற்றியவர்கள், 'இது எதுக்கு அடைசலா' என்று வீசிவிடுகிறார்கள். முன்பக்கக் காற்றை நேராக ஹீட் சிங்க்குக்குள் கொண்டுபோகும் வாய்க்கால் அது. வரப்பை வெட்டிவிட்டால் தண்ணீர் பயிருக்குப் போகாது இல்லையா, அதே கதைதான். இந்த வகைப் பெட்டிகளில் கூலரை மாற்றுவதற்குமுன் இன்னும் இரண்டு மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஃபேன் கனெக்டர் வழக்கமான நாலு பின்னாக இல்லாமல் அந்த நிறுவனத்துக்கே உரிய வகையாக இருக்கலாம். ஹீட் சிங்க் ஸ்க்ரூக்கள் மதர்போர்டைத் தாண்டி நேராகக் கேபினெட் தகட்டில் இறங்கியிருக்கலாம், அப்போது கடையில் கிடைக்கும் கூலரின் பின்தகடு அங்கே உட்காராது. ஃபேனை அடையாளம் தெரியாவிட்டால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் 'ஃபேன் இல்லை' என்று, கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் பயாஸ் மென்பொருள் நின்றுவிடலாம். பெரும்பாலும் அதே மாடலின் கூடுதல் வாட் ப்ராசஸருக்கு அந்த நிறுவனமே தரும் ஹீட் சிங்க்கைத் தேடி வாங்கிப் போடுவதுதான் உத்தமம்.

கூலரை மாற்றியே ஆக வேண்டும் என்று சோதனை சொன்னால், உயரத்துக்கு அடுத்து சாக்கெட்டைப் பாருங்கள். இன்டெல் எல்ஜிஏ 1200-இல் கூலர் துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டர், எல்ஜிஏ 1700-இல் 78. மூன்று மில்லிமீட்டர்தானே என்று பழைய கிளிப்பை நெருக்கிச் செருகியவர்களின் மதர்போர்டுகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் அழுந்தி மறுபக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், பேஸ்ட் ஓரத்தில் மட்டும் தடம் விழுந்திருக்கும். ரேம் உயரத்தையும் கணக்கில் எடுங்கள். தாழ்ந்த கூலர் அகலமாக இருந்தால் ரேமின் மேல் படரும், அலங்கார உறை போட்ட ரேம் அங்கே இடிக்கும்.

வாட்டர் கூலிங் போடலாமா என்று கேட்பார்கள். சின்னப் பெட்டியில் 120 மில்லிமீட்டர் ரேடியேட்டர் ஒன்றை வைத்து நடத்தும் வாட்டர் கூலிங்கை நான் சொல்வதில்லை. மேலிருந்து கீழே ஊதும் ஏர் கூலர் ப்ராசஸரோடு, பக்கத்தில் இருக்கும் மின்சப்ளைப் பாகங்களுக்கும் ரேமுக்கும் சேர்த்துக் காற்று கொடுக்கிறது. அதை எடுத்துவிட்டு பம்ப்பை வைத்தால் அவற்றுக்குக் காற்றே இல்லை. ஏர் கூலரில் கெடுவதற்கு ஃபேன் ஒன்றுதான் இருக்கிறது, அதையும் தனியாக மாற்றிவிடலாம். பம்ப் நின்றால் மொத்தமும் போச்சு.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் ப்ராசஸரின் அடியில் பின்கள் இருக்கும். காய்ந்த பேஸ்ட் பசைபோல் பிடித்திருக்க, ஹீட் சிங்க்கை அப்படியே மேலே இழுத்தால், பூட்டிய சாக்கெட்டிலிருந்து ப்ராசஸரும் பிடுங்கிக்கொண்டு வரும். பின் வளைந்த ப்ராசஸரைப் பூதக்கண்ணாடி வைத்து ஒரு மாலை முழுக்க நிமிர்த்தியிருக்கிறேன், அனுபவிக்க வேண்டிய அனுபவம் இல்லை. கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் வேலை வாங்கிச் சூடாக்கி, அணைத்து, மின் இணைப்பை எடுத்துவிட்டு, ஹீட் சிங்க்கை இடவலமாக மெல்லத் திருகி, இளகிய பிறகு தூக்குங்கள்.

பேஸ்ட்டைப் பற்றிச் சண்டை போடுவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. நான் பார்ப்பது இவ்வளவுதான்: பேஸ்ட் காற்றைவிட நூறு மடங்குக்கும் மேலாகச் சூட்டைக் கடத்தும், தாமிரத்தோடு ஒப்பிட்டால் பல பத்து மடங்கு மோசம். ஆகவே உலோகம் உலோகத்தைத் தொடாத நுண்ணிய பள்ளங்களை நிரப்பும் அளவுக்கு இருந்தால் போதும். இட்லிக்குச் சட்னி வைப்பதுபோல் வைக்காதீர்கள். பேஸ்ட்டுக்குப் பதிலாகப் பூசும் லிக்விட் மெட்டல் பக்கம் போகவே வேண்டாம். அதிலுள்ள கேலியம் அலுமினியத்தை அரிக்கும், சிந்தினால் மின்சாரத்தையும் கடத்தும். பிறகு, கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள். சிரிக்காதீர்கள், உரிக்காமல் மாட்டி, மூன்று மாதம் ஓட்டி, 'கம்பெனி ஏமாத்திட்டான்' என்று கொண்டுவந்தவர் உண்டு.

அந்தப் பெண்ணின் பெட்டிக்கு வருகிறேன். காற்று வழி சரியானாலும் 95 டிகிரியும் சத்தமும் அப்படியே இருந்தன, ப்ராசஸர் கிடைத்த இடத்தையெல்லாம் வேகமாக்கிக்கொண்டதால். இங்கே கை வைக்க வேண்டியது பயாஸில். ப்ராசஸரின் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்கு வோல்டேஜைக் கூட்ட வேண்டியிருக்கும், மின்செலவோ வோல்டேஜின் வர்க்கத்தில் ஏறும். ஆகவே மேல் நுனியைக் கொஞ்சம் நறுக்கினால் வேகம் சிறிதளவு போகும், வாட் பெரிதாகக் குறையும். ஏஎம்டியில் இதற்கு ஈகோ மோட் என்று பெயர், இன்டெல்லில் பிஎல்1, பிஎல்2 என்ற இரண்டு வாட் எல்லைகள்.

ஈகோ மோடில் 88 வாட்டுக்குக் கட்டினேன். 88 டிகிரியில் நின்றது. முன்பு 22 நிமிடம் எடுத்த ரெண்டரிங் 21-இல் முடிந்தது. "சத்தம் இன்னும் இருக்கே அண்ணா" என்றார். ஃபேன் வேகம் இரண்டு மடங்கானால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் ஏறும், அதனால் வேகத்தைச் சற்றுக் குறைத்தாலும் காதுக்கு நன்றாகவே தெரியும். எல்லையை 75 வாட்டுக்கு இறக்கி, ஃபேனை 70 சதவீதத்துக்குமேல் போகாமல் நிறுத்தி, ஏற்ற இறக்கத்துக்குச் சில நொடித் தாமதமும் கொடுத்தேன். 85 டிகிரி. ரெண்டரிங் பழையபடி 22 நிமிடம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர், "ஓடுதா?" என்று குனிந்து பார்த்தார்.

65 மில்லிமீட்டர் கூலர் சீல் பிரியாமல் அதே துணிப்பையில் திரும்பிப் போனது. கடைக்காரர் மாற்றிக்கொடுத்தாரா என்று கேட்க மறந்துவிட்டேன்.