தோலில் கீறல் இல்லை, உள்ளே புழு எப்படி?

பளபளவென்று இருக்கும் பங்கனப்பள்ளியை நறுக்கினால் உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றன. மருந்து அடித்த தோப்புப் பழத்திலும் இப்படி நடக்கிறது.

இது பழ ஈயின் வேலை. வீட்டு ஈ அளவுதான் இருக்கும், சட்டென்று பார்த்தால் குளவி என்று தோன்றும். பெண் ஈ முற்றிய காயின் மேல் நடந்து இடம் பார்க்கும். அப்புறம் வயிற்றை வளைத்து, பின்முனையில் உள்ள ஊசி போன்ற உறுப்பால் தோலைக் குத்தி, அடியில் முட்டைகளைச் செருகிவிடும். வெளியே தெரிவது ஒரு சிறு புள்ளி, சில காய்களில் ஒரு துளி பிசின். ஓரிரு நாளில் பொரியும் கால் இல்லாத புழுக்கள் சதையைத் தின்றபடி உள்ளே போக, பழம் அழுகி உதிர்கிறது. கொட்டைக்குள் இருக்கும் கருவண்டு வேறு பூச்சி.

விழுந்த பழத்திலிருந்து முற்றிய புழு வெளியே வரும். உடம்பை வில்லாக வளைத்துத் துள்ளித் துள்ளி நகர்ந்து, சில சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிவிடும். முட்டையும் புழுவும் பழத்துக்குள், கூட்டுப்புழு மண்ணுக்குள் என்றால் மருந்து எதன் மேல் படும்? பறக்கும் ஈயின் மேல் மட்டும்தான். அறுவடை நெருங்கும்போது அடிக்கிற மருந்து பழத்தோடு நம் வீட்டுக்கு வருவதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஆனால் ஆண் ஈக்கு ஒரு பலவீனம் உண்டு. பீகாரின் பூசாவில் பணியாற்றிய பூச்சியியலாளர் ஹவ்லெட், சிட்ரோனெல்லா என்ற வாசனைப் புல்லின் எண்ணெயை ஆண் ஈக்கள் மொய்ப்பதை 1912இல் பதிவு செய்தார். அவற்றை இழுத்த பொருள் மெத்தில் யூஜினால். துளசியிலும் இது இருக்கிறது. ஆண் ஈ இதைத் தின்று, உடலில் மாற்றி, பெண்ணைக் கவரும் வாசனையாகச் சேமித்து வைக்கிறது. அதனால்தான் அதற்கு இவ்வளவு ஆசை. இதையும் கொஞ்சம் பூச்சிக்கொல்லியையும் ஊறவைத்த மரத்துண்டைப் பொறியில் தொங்கவிட்டால் ஆண்கள் வந்து சாகும், பெண்களுக்கு இணை கிடைக்காது.

ஒரு தோப்பில் மட்டும் வைத்தால் பலன் குறைவு. பக்கத்துத் தோப்பில் இணைசேர்ந்த பெண்கள் பறந்து வந்துவிடும், ஊரே சேர்ந்து வைக்க வேண்டும். பாகல், புடலைப் பந்தலைத் தாக்குவது வேறு இனம். அதன் ஆண் மெத்தில் யூஜினாலுக்கு வராது, அதை இழுக்கும் கியூலூர் என்ற வேறொரு பொருள் வைத்த பொறியைக் கேட்டு வாங்குங்கள். எதைத் தொங்கவிட்டாலும், உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிடுங்கள். மரத்தடி மண்ணையும் கோடையில் கிளறிவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் பறவைகளிடமும் மாட்டிக்கொள்ளும்.