வசூல் 40 கோடி டாலர் என்றால் உங்கள் கைக்கு எவ்வளவு வரும்?

மறுபடியும் ஒரு குடும்பம் அதே மாதிரியான கோப்போடு என் அலுவலகத்துக்கு வந்து போயிருக்கிறது. இந்த முறை, தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் நகரை ஒட்டிய ஃபீனிக்ஸைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியரும் அவர் மனைவியும். வழவழப்பான தாளில் அச்சடித்த முதலீட்டுத் திட்டம். டர்பனிலேயே எடுக்கப்போகும் படமாம். பள்ளி மாணவிக்கும் சாபம் பெற்ற ஓர் இளைஞனுக்கும் காதல், இடையில் மாயம், மந்திரம். மூன்றாம் பக்கத்தில் பெரிய எழுத்தில், பள்ளி மாணவிக்கும் காட்டேரிக்கும் காதல் என்ற நாவலிலிருந்து ஹாலிவுட்டில் எடுத்த ‘ட்வைலைட்’ படத்தின் கணக்கு: செலவு 3.7 கோடி டாலர், உலக வசூல் 40 கோடி டாலர். அதற்குக் கீழே, நூற்றில் ஒரு பங்கு கிடைத்தாலே போட்ட பணம் பல மடங்காகும் என்று ஒரு வரி.

அவர்கள் பணத்தைக் கொடுத்து முடித்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கணக்காளரிடம் வந்தால் அவரால் செய்ய முடிவது கொஞ்சம்தான். டர்பனில் பட விநியோகக் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழிலின் ஒரு பகுதி. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் என்று நம் ஆட்கள் இருக்கும் எல்லா இடத்திலிருந்தும் இந்தக் கோப்பு வருகிறது. படத்தின் பெயர் மாறும், கதை மாறும், மூன்றாம் பக்கம் மட்டும் மாறுவதில்லை.

அந்தப் பக்கத்தில் இருக்கும் எண்கள் பொய்யில்லை. 2008 நவம்பரில் வெளியான ‘ட்வைலைட்’ அமெரிக்காவில் முதல் வார இறுதியிலேயே கிட்டத்தட்ட 7 கோடி டாலர் வசூலித்தது. உலகம் முழுக்க 40 கோடி டாலரை ஒட்டி வந்தது. அடுத்து வந்த 4 படங்களையும் சேர்த்தால் மொத்தம் 330 கோடி டாலரைத் தாண்டும். எல்லாம் உண்மை. ஆனால் அவை டிக்கெட் ஜன்னலில் மக்கள் கொடுத்த பணம். படத்துக்குப் பணம் போட்டவரின் கைக்கு வந்த பணம் அல்ல.

இதை எத்தனை முறை சொன்னாலும் மனதில் தங்குவதில்லை என்பதால் நம் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். கணக்குக்கு வசதியாக ஒரு டிக்கெட் 115 ராண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதம். ஆக 15 ராண்ட் நேராக வருவாய்த் துறைக்குப் போகிறது. மீதி 100. அதில் ஏறக்குறைய பாதி தியேட்டருக்கு. முதல் வாரம் விநியோகஸ்தர் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாயும். வாரம் போகப் போகத் தியேட்டரின் பங்கு ஏறும். சராசரியாக 50 என்றே வைப்போம். அந்த 50 ராண்டில் விநியோகஸ்தர் தன் கமிஷனை எடுப்பார். 30 சதவீதம் என்றால் 15 ராண்ட். மீதி 35. இதிலிருந்து போஸ்டர், ட்ரெய்லர், வானொலி விளம்பரம், தியேட்டருக்கு அனுப்பும் டிஜிட்டல் பிரதி, சென்சார் கட்டணம், சப்டைட்டில் எல்லாவற்றையும் அவர் கழிப்பார். அவர் முன்கூட்டிச் செலவழித்ததால் அவருக்குத்தான் முதல் உரிமை. அதற்குப் பிறகும் ஏதாவது மிஞ்சினால் படத்துக்குக் கடன் கொடுத்த வங்கி, அதன் வட்டி. அப்புறம்தான் நீங்கள். நீங்கள் மட்டும் இல்லை, உங்களைப் போல முதலீடு செய்த எல்லோரும்.

அந்த ஆசிரியரிடம் இதைத் தாளில் எழுதிக் காட்டியபோது, “சரி தம்பி, வசூல் செலவைத் தொட்டுவிட்டால் நஷ்டமில்லை அல்லவா?” என்று கேட்டார். நல்ல மனிதர், கணக்குப் பாடம் நடத்தியவர். அவரே இப்படிக் கேட்கிறார் என்றால் தவறு அவருடையது இல்லை. பத்திரிகைகளும் யூடியூப் சேனல்களும் வாட்ஸ்அப்பும் ‘100 கோடி கிளப்’ என்று நாள்தோறும் சொல்லி வளர்த்த பழக்கம் இது.

தொட்டாலும் நஷ்டம்தான் ஐயா. 2013 பிப்ரவரியில், காதலர் தினத்தை ஒட்டி ‘பியூட்டிஃபுல் கிரியேச்சர்ஸ்’ வந்தது. இதே வகைப் படம். புகழ்பெற்ற நாவல், பதின்வயதுக் காதல், சூனியக்காரிகள். தயாரிப்புச் செலவு 6 கோடி டாலர். உலக வசூலும் 6 கோடி டாலர்தான். வாட்ஸ்அப் கணக்குப்படி போட்ட பணம் வந்துவிட்டது. உண்மையில் அந்த 6 கோடியில் தியேட்டர்கள் ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்ளும். 2 கோடிக்கும் குறைவாகத்தான் அமெரிக்காவில் வந்தது. மீதி வெளிநாடுகளில் வந்தது, அங்கே தயாரிப்பாளர் பக்கம் திரும்பும் பங்கு பொதுவாக இன்னும் குறைவு. அதற்கு மேல் விளம்பரச் செலவு, தயாரிப்புச் செலவில் சேராதது. செலவும் வசூலும் சமம் என்று காட்டுகிற ஒரு படம் பெரும் நஷ்டத்தில் இருக்கிறது. அதற்குத் தொடர்ச்சி வரவில்லை.

இன்னும் பெரிய உதாரணம் வேண்டுமா? ‘ஹாரி பாட்டர்’ வரிசையின் ஐந்தாவது படம், 2007. உலக வசூல் 90 கோடி டாலருக்கு மேல். 2010-இல் அந்தப் படத்தின் பங்குதாரர் கணக்குத் தாள் ஒன்று வெளியே கசிந்தது. அதில் படம் 16.7 கோடி டாலர் நஷ்டம் என்று எழுதியிருந்தது. விநியோகக் கமிஷன், விளம்பரம், வட்டி என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். அந்தப் படமே தாளில் நஷ்டம் காட்டும் என்றால், ‘நிகர லாபத்தில் 5 சதவீதம்’ என்று எழுதிய உங்கள் ஒப்பந்தத்துக்கு என்ன மதிப்பு என்று யோசியுங்கள். இது சட்டவிரோதமான கணக்கு என்று நினைக்க வேண்டாம். எதை எதைக் கழிக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். கையெழுத்துப் போட்டவர் படித்திருக்க மாட்டார், அவ்வளவுதான்.

‘ட்வைலைட்’டை எடுத்த சம்மிட் நிறுவனம் எப்படிச் சம்பாதித்தது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் அதை விநியோகித்ததும் அவர்களேதான். விநியோகஸ்தர் கமிஷன் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. செலவையும் அடக்கிவைத்தார்கள். நாவலின் வாசகிகள் முன்பே லட்சக்கணக்கில் காத்திருந்தார்கள். இத்தனைக்கும் அந்தக் கதையின் உரிமையை முதலில் வைத்திருந்தது வேறொரு பெரிய நிறுவனம். அவர்கள் அதைக் கைவிட்டார்கள். ஓடும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஃபீனிக்ஸில் இருந்து ஓய்வூதியப் பணத்தைக் கொடுக்கிறவர் சம்மிட் இல்லை. வரிசையின் கடைசியில் நிற்கிறவர்.

அடுத்தது வீடியோ. முதலீட்டுத் திட்டத்தின் ஐந்தாம் பக்கம் எப்போதும் இதுதான்: தியேட்டரில் விட்டதை டிவிடியில் பிடிக்கலாம். அதற்கும் ‘ட்வைலைட்’தான் சாட்சி. 2009 மார்ச் 21, சனிக்கிழமை. வழக்கமாக அமெரிக்காவில் டிவிடி செவ்வாய்க்கிழமை வரும். இதைச் சனிக்கிழமைக்கு மாற்றி, கடைகளை நள்ளிரவில் திறந்துவைத்து விற்றார்கள். முதல் நாளில் மட்டும் 30 லட்சத்துக்கும் மேல் விற்றது. வட அமெரிக்காவில் மொத்த டிவிடி விற்பனை 20 கோடி டாலரை எட்டியது, அதாவது அங்கே தியேட்டரில் வந்ததற்குச் சமமாக. பதின்வயதுப் பெண்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிற படம் என்பதால் வந்த பலன் இது. கணக்காளனாக எனக்கு அந்த எண் இன்றும் வியப்புத்தான்.

ஆனால் அது 2009. அமெரிக்காவில் டிவிடி விற்பனை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. 2010-இல் அங்கே டிவிடி வாடகைக்கு விட்ட பிளாக்பஸ்டர் கடைகள் திவால். நம் நாட்டுக்கு 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் வந்தது. 2021 மே மாதத்தோடு, இங்கே இசைத் தட்டும் டிவிடியும் விற்ற மியூசிகா கடைகள் மொத்தமாக மூடிவிட்டன. 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸே தபாலில் டிவிடி அனுப்புவதை நிறுத்தியது. சாட்ஸ்வொர்த்தில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு வீடியோ கடை இருந்தது. சனிக்கிழமை மாலை தமிழ்ப் படக் கேசட்டுக்காக வரிசையில் நிற்போம். அந்த வரிசை இன்று எங்கே இருக்கிறது? இந்த ஊரில் வாழ்கிற ஒருவர், டிவிடி வருமானம் என்று அச்சடித்த பக்கத்தை எப்படி நம்புகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

டிவிடி கொடிகட்டிப் பறந்த காலத்திலும் பங்குதாரர் கணக்கில் அது முழுதாக ஏறியதில்லை. ஹாலிவுட்டில் நெடுங்காலமாக இருந்த வழக்கம், வீடியோ வருமானத்தில் 20 சதவீதத்தை மட்டும் ‘ராயல்டி’ என்று பங்குதாரர் கணக்கில் காட்டுவது. மீதி 80 வீடியோ பிரிவுக்கு. 20 கோடி டாலருக்கு டிவிடி விற்றாலும், அதில் கடைக்காரரின் பங்கு போக, அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் பங்குக்கு வருவது 4 கோடிக்கும் குறைவு. எங்கள் தொழிலில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதலில் காட்டுவது ஒப்பந்தத்தின் இந்த விதியைத்தான்.

இப்போது எல்லோரும் ஓடிடி என்கிறார்கள். ஓடிடியில் பெரும்பாலும் ஒரே தொகை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உரிமையை வாங்குவார்கள். எத்தனை லட்சம் பேர் பார்த்தாலும் அதற்கு மேல் ஒரு ராண்ட் வராது. அந்தத் தொகையும் தியேட்டரில் படம் எப்படிப் போனது என்பதைப் பார்த்தே ஏறும் இறங்கும். தியேட்டரில் விழுந்த படத்தை ஓடிடி தூக்கி நிறுத்தும் என்று யாராவது சொன்னால், வாங்குவதாகக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். “பேசிக்கொண்டிருக்கிறோம்” என்பது ஒப்பந்தம் இல்லை.

ஓடாத படங்களை யாரும் மூன்றாம் பக்கத்தில் போடுவதில்லை. ‘வாம்பயர் அகாடமி’ 2014-இல் வந்தது. அதுவும் விற்பனையில் கொடிகட்டிய நாவல் வரிசைதான். 3 கோடி டாலர் செலவு, உலக வசூல் ஏறக்குறைய 1.5 கோடி. 2013-இல் வந்த ‘சிட்டி ஆஃப் போன்ஸ்’ படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்க நாள் குறித்திருந்தார்கள். படம் வெளியானதும் தள்ளிப்போட்டார்கள், கடைசியில் கதை தொலைக்காட்சித் தொடராகத்தான் தொடர்ந்தது. இவை பெரிய நிறுவனங்கள் முழு பலத்தோடு இறங்கிய படங்கள். இந்த வகையில் மாயக் காட்சிகளுக்கான கிராஃபிக்ஸ் செலவு வேறு இருக்கிறது. படப்பிடிப்பு முடிந்த பிறகுதான் அது வீங்கும், அப்போது இரண்டாவது முறையாக உங்களிடம் வருவார்கள். முதலில் கொடுத்ததைக் காப்பாற்ற இன்னும் கொடுங்கள் என்பார்கள். பலர் கொடுக்கிறார்கள்.

சாட்ஸ்வொர்த் கதையை வைத்து 2017-இல் ‘கீப்பிங் அப் வித் தி கந்தசாமிஸ்’ படம் வந்து நன்றாக ஓடியதே என்பார்கள். ஓடியது, மகிழ்ச்சி, நானும் குடும்பத்தோடு பார்த்தேன். அது நம் வீடுகளிலும் தெருக்களிலும் நடக்கிற நகைச்சுவைக் கதை. பார்க்கிறவர்கள் இங்கேயே இருந்தார்கள். கிராஃபிக்ஸ் காட்டேரிகள் தேவைப்படவில்லை. அந்த வெற்றியைக் காட்டி இந்தப் படத்துக்குப் பணம் கேட்பது நியாயமில்லை.

சரி, இனிச் செய்ய வேண்டியவை. பணம் கேட்பவர் நிதிச் சேவை உரிமம் பெற்றவரா என்று நிதித் துறை நடத்தை ஆணையத்தின் (FSCA) இணையதளத்தில் தேடுங்கள். இலவசம், சில நிமிட வேலை. உரிம எண்ணைக் கேட்டதும் கோபப்படுகிறவரிடம் அதற்கு மேல் பேசவே வேண்டாம். பொதுமக்களிடம் பங்கு விற்க 2008-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் விதிகள் வைத்திருக்கிறது. கோயில் மண்டபத்திலும் காவடிக் கூட்டத்திலும் துண்டுத்தாள் கொடுத்துச் சேர்ப்பது அந்த விதிகளுக்குள் வருகிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். சொந்தக்காரர், ஒரே ஊர், ஒரே கோயில் என்பதெல்லாம் உரிமம் ஆகாது.

ஒப்பந்தத்தில் பணம் யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து என்ற வரிசை இருக்க வேண்டும். ஒவ்வொரு கமிஷனுக்கும் சதவீதமும், விளம்பரச் செலவுக்கு உச்சவரம்பும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘நிகர லாபம்’ என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வசூல் பணம் தயாரிப்பாளரின் சொந்தக் கணக்குக்குப் போகாமல், மூன்றாம் தரப்பு நிர்வகிக்கும் தனிக் கணக்குக்குப் போக வேண்டும். கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமை உங்களுக்கு வேண்டும். நாவல் கதை என்றால் எழுத்தாளரிடம் உரிமை வாங்கிய பத்திரத்தின் நகல் வேண்டும். இதில் எதைக் கேட்டாலும் “அதெல்லாம் பெரிய படங்களுக்குத்தான்” என்பார்கள். இல்லை. சின்னப் படத்துக்குத்தான் கட்டாயம் வேண்டும்.

ஓய்வூதியப் பணத்தைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். 2024 செப்டம்பர் 1 முதல் ஓய்வூதிய நிதியில் சேமிப்புப் பகுதியிலிருந்து ஓய்வுக்கு முன்பே எடுக்க வழி வந்திருக்கிறது. எடுப்பது வருமானத்தோடு சேர்ந்து வரிக்குள்ளாகும். அதாவது படத்தில் போடும் முன்பே ஒரு பகுதி போய்விடுகிறது. அப்படி எடுத்துப் படத்தில் போட்ட இளைஞர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அது ஆபத்துக் காலத்துக்கு வைத்த பணம் அக்கா, அண்ணா. மருத்துவமனைக்கு, வேலை போன மாதத்துக்கு.

உங்கள் வீட்டுப் பிள்ளையின் நண்பன் உண்மையாகவே ஒரு படம் எடுக்கிறான், அவனுக்கு உதவ ஆசை என்றால் தாராளமாகச் செய்யுங்கள். திரும்பி வராவிட்டாலும் வீட்டில் சண்டை வராத அளவுக்கு ஒரு தொகையை, அன்பளிப்பு என்று சொல்லியே கொடுங்கள். முதலீடு என்ற பெயரில் கொடுப்பதானால், கோப்பை முதலில் ஒரு கணக்காளரிடம் காட்டுங்கள். என்னிடம்தான் வர வேண்டும் என்பதில்லை. உங்கள் கடைக்கு வரிக் கணக்குப் போடுகிறவரிடம் மேலே சொன்ன வரிசையைக் காட்டி, 115 ராண்ட் டிக்கெட்டில் எனக்கு எத்தனை ராண்ட் என்று மட்டும் கேளுங்கள். தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளைத் தயாரிப்பாளரிடம் நீட்டி, இதே எண்ணை ஒப்பந்தத்தில் எழுதித் தருவீர்களா என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு பேனாவை எடுங்கள்.