பூனை நுழையாத கூண்டிலும் முயல் சாவது ஏன்?

காலையில் கொல்லைப்பக்கம் போனால் கூண்டு பூட்டியபடி இருக்கிறது, வலை கிழியவில்லை, முயல் மட்டும் விறைத்துக் கிடக்கிறது. பாம்பு தீண்டியிருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இரவில் கூண்டைச் சுற்றிவந்த தெருப்பூனையே காரணமாக இருக்கலாம்.

வீட்டு முயலின் மூதாதை ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதியில் வளை தோண்டி வாழ்ந்த இனம். நம் வரப்புகளில் ஓடும் காட்டு முயல் வேறு; அது ஓடியே தப்பும். வளைமுயலுக்கு ஆபத்து என்றால் குழிக்குள் பாய வேண்டும். கூண்டில் குழி ஏது? பூனை வலைமேல் தாவியதும் முயல் முட்டி மோதி, பின்னங்கால்களை வீசி உதைக்கிறது. அதன் எலும்புகள் எல்லாம் சேர்ந்தும் உடல் எடையில் சுமார் 8 சதவீதம்தான். தொடைத் தசையோ வெகு பலம். அந்த உதையிலேயே இடுப்புக்கு அருகே முதுகெலும்பு முறிந்துவிடலாம். முறியாவிட்டாலும் பயத்தில் பெருகும் அட்ரினலின் என்ற சுரப்பு இதயத்தைத் தாக்கலாம், குடல் அசைவை நிறுத்தலாம். குடல் நின்ற முயல் தீனி தொடாது, புழுக்கை போடாது. 12 மணி நேரம் அப்படியே கிடந்தால் உயிருக்கு ஆபத்து.

ஆகவே பூனையின் நகம் எட்டாதிருந்தால் போதாது. முயல் அதன் பார்வையிலிருந்து மறையவும் இடம் வேண்டும். ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு மரப்பெட்டியைக் கூண்டின் பின்மூலையில் வையுங்கள். 2 கிலோ முயலுக்கு 6 அங்குல வாசல் போதும். வாசல் பக்கவாட்டில் திரும்பியிருக்கட்டும். இதுதான் அதற்கு வளை. கூண்டின் சுற்றுப்புறத்தில் கீழ் ஓரடிக்குப் பலகை அடித்து, மேலே வலையாக விடுங்கள். முழுக்கப் பலகை அடித்து மூடிவிடக் கூடாது. முயலுக்கு வியர்க்காது, முக்கியமாகக் காது வழியாகத்தான் சூடு இறங்கும்; சித்திரை வெயிலில் காற்றில்லாத கூண்டு பூனையைவிடக் கொடியது.

வலையில் பலர் ஏமாறுவது கோழி வலையிடம். அதன் ஓரங்குலக் கண்ணில் பூனையின் முன்னங்கால் தாராளமாக நுழையும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வாங்குங்கள், 16 முதல் 19 கேஜுக்குள். கேஜ் என்பது கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்; எண் குறைந்தால் கம்பி தடிமன். பெருச்சாளியும் கீரியும்கூட இதில் நுழைய முடியாது. ஸ்டேப்ளர் பின் மழையில் துருப்பிடித்துக் கழன்றுவிடும். வலை விளிம்பின்மேல் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து, 4 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூவை வாஷரோடு முடுக்குங்கள். கொக்கியைப் பூனை தட்டித் தட்டியே திறந்துவிடும், அதனால் கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள். கீற்றுக்கூரை குளுமைதான், ஆனால் பூனை கீற்றைப் பிரித்து இறங்கும். கீற்றுக்கு அடியிலும் வலை வேண்டும். தரையிலிருந்து 3 அடி உயரம் நல்லது. அடித்தளம் வெறும் கம்பியானால் பாதம் புண்ணாகும், கீழிருந்து பூனை விரலைக் கவ்வும். பலகை போட்டு வைக்கோல் பரப்புங்கள்.

பூனை வருவது முயலுக்காக மட்டும் அல்ல. சிந்திய தீவனத்துக்கு எலி வரும், எலியைத் தேடிப் பூனை வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனையாத இடம் தேடிக் கூண்டுக்கு அடியிலேயே வந்து படுக்கும். தீவனத்தை மூடியுள்ள டின்னில் வையுங்கள், மீன் கழுவிய தண்ணீரைக் கூண்டருகே கொட்டாதீர்கள். விஷம் வைப்பது கொடுமை, சட்டப்படி குற்றமும்கூட.

பூனை கடித்துவிட்டால் காயம் கண்ணுக்கே தெரியாது. ரோமத்தை விரலால் வகிர்ந்து பார்த்தால் ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி இருக்கும். அதற்குள் பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகள் ஆழமாக இறங்கியிருக்கும்; மேல்தோல் மூடிக்கொள்ள, உள்ளே சீழ் கட்டும். அரை லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பு கரைத்துக் கழுவுங்கள். மஞ்சள் அப்ப வேண்டாம். வீட்டில் இருக்கும் அமாக்ஸிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை வாய்வழி கொடுக்கவே கூடாது. முயலின் குடலில் வாழும் நல்ல கிருமிகளை அழித்து அதுவே கொன்றுவிடும். அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, காற்றுக்குத் துளையிட்டு, மேலே துணி போர்த்தி எடுத்துச் செல்லுங்கள். மல்லாத்திப் பிடித்தால் அசையாமல் கிடக்கும். அது அமைதி அல்ல, பயத்தில் உறைந்த நிலை. பெட்டிக்குள் கொஞ்சம் அறுகம்புல் போட்டுவிட்டு, வழியில் தின்றதா, புழுக்கை போட்டதா என்று கவனியுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.